சொல் இல்லாத படத்தில் ஒரு பெண்: ‘பேசும் படம்’ அமலாவும் ஊமை நகைச்சுவையும்

(பரமக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்த வடிவம். மேடையில் சொன்ன கிளைச் செய்திகள் சில விடப்பட்டுள்ளன.)



பரமக்குடியில் நின்றுகொண்டு சினிமாவைப் பற்றிப் பேசுகிறவர் கமல்ஹாசனை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1954 நவம்பர் 7 அன்று இந்த ஊரில் பிறந்த பிள்ளை அவர். ஐந்து வயதில் ‘களத்தூர் கண்ணம்மா’வில் நடித்தார். அந்தப் படத்தை எடுத்த ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடிக்காரர். 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரியும்வரை காரைக்குடியும் பரமக்குடியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். ஆகவே அந்தப் பிள்ளையைத் திரைக்குக் கொண்டுவந்த கையும் இந்த மண்ணின் கைதான் என்று நீங்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அவர் நடித்த ‘பேசும் படம்’ 1987 நவம்பரில் வெளிவந்தது. ஒரு சொல்கூடப் பேசப்படாத நகைச்சுவைப் படம். கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’, இந்தியில் ‘புஷ்பக்’. அந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கமலின் நடிப்பைப் பற்றியது. மிச்சம் இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவின் துணிச்சலைப் பற்றியது. இரண்டும் தகுதியான புகழ்தான். அந்தப் படத்தின் நாயகியைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையை நான் பார்த்ததில்லை. “அமலா அழகாக இருந்தார்” என்ற ஒரு வரியோடு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே இன்று வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊமை நகைச்சுவையில் நம்மைச் சிரிக்க வைப்பவன் நாயகன். அந்தச் சிரிப்பு வெறும் குறும்பாக நின்றுவிடுமா, ஒரு மனிதக் கதையாக வளருமா என்பதைத் தீர்மானிப்பவள் நாயகி. எந்தக் கணத்தில் அவளுக்கு என்ன புரிகிறது என்பதே அந்தப் படத்தின் உண்மையான கதை. இதைச் சில கூறுகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. நம் ஊமைப்படங்களின் பெண்கள்

ஆர்.நடராஜ முதலியார் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘கீசக வதம்’ எடுத்தபோது தென்னிந்தியத் திரைப்படத்தின் கதை தொடங்கியது. அடுத்து 1918இல் ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’ எடுக்க முனைந்தார். திரௌபதியாக நிற்க நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் முன்வரவில்லை. கடைசியில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணை நடிக்க வைத்தார். படம் பேசாது என்பதால் அவருக்குத் தமிழ் தெரியாதது ஒரு தடையாகவே இல்லை. 1921இல் ஆர்.பிரகாஷ் எடுத்த ‘பீஷ்ம பிரதிக்ஞா’வில் கங்கையாக வந்தவரும் அந்தச் சமூகத்தவரே. பிறகுதான் டி.பி.ராஜலட்சுமி போன்றோர் வந்தார்கள். ஊமைப்படத்தில் தொடங்கிய அவர், 1931இல் ‘காளிதாஸ்’ மூலம் தமிழ் பேசிய முதல் நாயகியானார்; 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கவும் செய்தார்.

திருவனந்தபுரத்தில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். ஜே.சி.டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் படம். அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்த பி.கே.ரோசி தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண். அந்த ஒரே காரணத்துக்காகத் திரையிட்ட இடத்தில் கலவரம் செய்தார்கள். அவர் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. அந்தப் படமும் இன்று இல்லை. தென்னிந்திய ஊமைப்படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது ஏறத்தாழ ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். மற்றவை அழிந்தன, அவற்றில் நடித்த பெண்களின் முகங்களும் உடன் அழிந்தன. எந்தக் காட்சியில் அவர்கள் கண் எப்படிப் பேசியது என்று சொல்ல நம்மிடம் ஒரு சாட்சியும் இல்லை. தமிழ்ச் சினிமா வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று: நம் ஊமைப்படங்கள் பெரும்பாலும் புராணம். காரணம் எளிது. பேச்சு இல்லாத படத்தில் கதை பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். திரௌபதிக்கும் நந்தனாருக்கும் முன்னுரை தேவையில்லை. தெரியாத கதை வந்தால் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரக்க விளக்குவார். நகைச்சுவைக்கு அது சரிப்படாது. விளக்கிச் சொன்ன வேடிக்கைக்கு யார் சிரிப்பார்கள்? அதனால் முழுநீள ஊமை நகைச்சுவை என்ற வகை நம்மிடம் வேர்விடாமலே ஊமைக்காலம் முடிந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, எல்லாப் படமும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நாளில் ‘பேசும் படம்’ வந்தது.

2. விரும்பி ஏற்ற மௌனம்

முதலியாரின் மௌனம் கட்டாயம். அன்று கருவி இல்லை. சிங்கீதத்தின் மௌனம் தேர்வு. இப்படித் தேர்ந்துகொண்ட மௌனத்துக்கு உலகம் அறிந்த முன்னோடி சார்லி சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’. 1927இல் அமெரிக்கப் படம் பேசத் தொடங்கிவிட்டது. 1931இல் சாப்ளின் பேச்சில்லாத படத்தோடு வந்தார். சிங்கீதம் பிறந்ததும் அதே 1931இல்தான்.

இரண்டு படங்களும் ஓசையை விலக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘சிட்டி லைட்ஸ்’ தொடக்கத்தில் சிலை திறக்க வந்த பெரிய மனிதர்களின் பேச்சு வெறும் கீச்சொலியாகக் கேட்கிறது. விழுங்கிய விசில் ஒவ்வொரு விக்கலுக்கும் வயிற்றுக்குள்ளிருந்து ஊதுகிறது. ‘பேசும் பட’த்தில் வேலையில்லாப் பட்டதாரி குடியிருப்பது ஒரு சினிமா கொட்டகையை ஒட்டிய ஒண்டுக் குடித்தனத்தில். சண்டைக் காட்சியின் இரைச்சல் இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது. பணக்காரனாக நடித்துத் தங்கும் புஷ்பக் விடுதியின் மெத்தையில் படுத்ததும் அமைதி தாளாமல் விழித்துக் கிடக்கிறான். பிறகு தன் பழைய அறைக்குப் போய் அந்தச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து வந்து, போட்டுவிட்டுத் தூங்குகிறான். வறுமை ஒருவன் காதுக்குள்ளேயே குடியேறிவிடும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சி தமிழில் எனக்குத் தெரியாது. எல்.வைத்தியநாதனின் இசையும் அப்படித்தான். எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது.

கதையிலும் உறவு உண்டு. சாப்ளின் படத்தில் குடிபோதையில் மட்டும் நண்பனாகும் ஒரு பணக்காரன். அவன் தயவில் ஒரு நாடோடி செல்வந்தனாகத் தோன்றுகிறான். இங்கே தெருவில் போதையில் விழுந்து கிடக்கும் பணக்காரனைப் பட்டதாரி தன் அறையில் கட்டிப்போட்டுவிட்டு, அவனுடைய விடுதிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறான். இரண்டிலும் ஏழை ஒருவனைப் பணக்காரன் என்று ஒரு பெண் நம்புகிறாள். அந்தப் பெண்ணிடம்தான் இப்போது வருகிறேன்.

3. பார்க்க முடியாதவள்

‘சிட்டி லைட்ஸ்’ நாயகி பூ விற்கும் பார்வையற்ற பெண். நடித்தவர் வர்ஜீனியா செரில், வயது இருபதைச் சுற்றி. முன்பின் படத்தில் நடித்த பழக்கம் இல்லை. அவருக்கு இயல்பிலேயே கிட்டப்பார்வை. எதையும் குறிவைக்காத அந்தப் பார்வைதான் சாப்ளினை ஈர்த்தது. இருவரும் முதலில் சந்திக்கும் காட்சியை அவர் 342 தடவை எடுத்தார் என்பது சாதனைக் குறிப்புகளில் இருக்கிறது. நடுவே செரிலை நீக்கிவிட்டு வேறொருவரை வைத்துப் பார்த்து, மறுபடி செரிலையே அழைத்தார்.

ஏன் அத்தனை தடவை? கந்தல் கட்டியவனைப் பணக்காரன் என்று அவள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று ஒரு சொல் இல்லாமல் நமக்கும் தெரிய வேண்டும். விடை ஒரு கார்க் கதவில் கிடைத்தது. போக்குவரத்து நெரிசலைக் கடக்க நாடோடி ஒரு காருக்குள் புகுந்து மறுபக்கம் இறங்குகிறான். கதவு மூடும் சத்தத்தைக் கேட்டு, வந்தவன் கார்க்காரன் என்று அவள் முடிவு செய்கிறாள். அவளுக்குத் தவறாகப் புரிந்த அந்தக் கணம் பிறக்கும்வரை சாப்ளினால் படத்தை நகர்த்த முடியவில்லை. நாயகனின் குறும்புகளை அவர் எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கியிருப்பார். நாயகியின் புரிதல் இல்லாமல் அவை எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. கடைசிக் காட்சியில், பார்வை பெற்ற அவள் பரிவோடு காசு கொடுக்கும்போது அவன் கையைத் தொடுகிறாள். கண் சொல்லாததைக் கை சொல்லிவிடுகிறது. அங்கே முகம் காட்டும் பெரிய பொறுப்பு செரிலுடையது. சாப்ளின் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறார்.

4. பார்க்கத் தெரிந்தவள்

சிங்கீதம் 1981இல் கமலைப் பார்வையற்ற வயலின் கலைஞராக்கி ‘ராஜ பார்வை’ எடுத்தார். புலன் ஒன்று இல்லாதபோது மற்றவை எப்படி வேலை செய்யும் என்ற கேள்வி அவருக்குப் பழையது. ‘பேசும் பட’த்தில் நாயகிக்குக் கண் உண்டு. அந்தக் கண்ணுக்கு அவர் கொடுத்த பின்னணி என்னவென்று பாருங்கள்: அவள் ஒரு மந்திரவித்தைக்காரரின் மகள்.

இந்தத் தேர்வை யாரும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். வித்தைக்காரர் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு முயல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சபை ஒரு கையைப் பார்க்கும்போது மறு கை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கம். அப்படிப்பட்டவள் முன் ஒருவன் இல்லாத செல்வத்தை இருப்பதாகக் காட்டி நிற்கிறான். அவன் செய்வதும் ஒரு வித்தை. தந்தையின் வித்தையில் ஏமாறாதவள் இவன் வித்தையில் ஏமாறுகிறாள். உண்மை தெரிந்த பிறகும் அவள் முகத்தில் ஏமாந்தவளின் சினம் எழவில்லை. வித்தைக்கு அடியில் இருந்த மனிதன் உண்மையானவன் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடிகிறது. அவளை ஒரு தொழிலதிபரின் மகளாக்கியிருந்தால் இந்த மன்னிப்பை நாம் நம்பியிருக்க மாட்டோம்.

அமலாவின் நடிப்புக்கு வருகிறேன். வங்காளத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்து, சென்னைக் கலாக்ஷேத்திராவில் பரதம் கற்றவர். 1986இல் டி.ராஜேந்தரின் ‘மைதிலி என்னைக் காதலி’யில் அறிமுகம். அதே ஆண்டு ‘மெல்லத் திறந்தது கதவு’ வந்தது. அதில் அவர் பர்தா அணிந்த நூர்ஜஹான். நாயகன் பார்ப்பது கண்களை மட்டுமே. முகம் எப்படி இருக்கும் என்ற ஏக்கத்திலேயே அவன் காதல் வளர்கிறது. ‘பேசும் பட’த்துக்கு ஓராண்டு முன்பே, முகத்தின் மற்ற பகுதி இல்லாமல் கண்ணை மட்டும் வைத்து ஒரு பாத்திரத்தைத் தாங்கும் பயிற்சி அவருக்குத் தற்செயலாகக் கிடைத்துவிட்டது.

பரதம் கற்றவர் ஊமைப்படத்தில் நடிக்கும்போது ஓர் ஆபத்து உண்டு. கை தானாகவே முத்திரைக்குப் போகும். புருவம் நவரசத்துக்குப் போகும். நவரசம் மேடைக்கு உரியது. கேமரா ஓரடி தூரத்தில் நிற்கும்போது அது மிகையாகிவிடும். அமலா அந்தப் பக்கமே போகவில்லை. பரதத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது காலக்கணக்கு ஒன்றை மட்டும். கமல் ஒரு குறும்பு செய்யும்போது அமலா உடனே சிரிப்பதில்லை. முதலில் பார்க்கிறார். அடுத்து அது மனத்துக்குள் போய்ச் சேர்கிறது. பிறகுதான் உதட்டோரத்தில் ஒன்று அசைகிறது. இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் அவருடைய கலை. பார்வையாளராகிய நாம் அந்த இடைவெளியில் அவரோடு சேர்ந்து காத்திருக்கிறோம். நாயகன் செய்ததற்கு ஒரு சிரிப்பு, அவள் புரிந்துகொண்டதற்கு இன்னொரு சிரிப்பு என்று இரண்டு சிரிப்பு நமக்குக் கிடைக்கிறது. இரண்டாவதில்தான் அன்பு இருக்கிறது.

எட்ட நின்று இருவரும் சைகையால் பேசும் காட்சிகளை மறுபடி பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள்: கமலை விட்டுவிட்டு அமலாவை மட்டும் பாருங்கள். கேட்பவள் எப்படிக் கேட்கிறாள் என்று பாருங்கள். பேசுகிறவரின் நடிப்பை எல்லோரும் கவனிப்பார்கள். கேட்கிறவரின் நடிப்பு கண்ணில் படாமல் போய்விடும். சொல்லே இல்லாத படத்தில் கேட்பது முழுவதும் முகத்தின் வேலை.

சைகையைக் கண்ணால் கேட்பது இந்தக் கடற்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. ராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆட பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வருகிறார்கள். கிணற்றில் நீர் இறைத்து ஊற்றுகிறவருக்கு அவர்கள் மொழி தெரியாது. சங்கு, பாசி விற்கும் அம்மாவுக்கும் தெரியாது. விரலும் கண்ணும் பேசி வியாபாரம் முடிகிறது. அங்கே நின்று பாருங்கள்: கையை ஆட்டுகிறவர் திறமைசாலி என்றால், அதைப் பிடித்துக்கொள்கிறவர் அவரைவிடத் திறமைசாலி.

5. இரவல் குரல் இல்லாத ஒரு படம்

தமிழ்ச் சினிமாவில் வெளிமாநிலத்திலிருந்து வந்த நாயகியர் பலருக்கு வேறொருவர் குரல் கொடுப்பது நெடுநாள் வழக்கம். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. குரல் கலைஞர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் பெயரும் வெளியே வராமல் போனது தனி அநீதி. ஆனால் இந்த வழக்கத்தால் நாயகியின் நடிப்பைப் பாதி நடிப்பாக எண்ணும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. ‘பேசும் பட’த்தில் அந்தத் தடுப்பு இல்லை. நாயகனுக்கும் வசனம் கிடையாது, நாயகிக்கும் கிடையாது. பன்ச் வசனம் அவனுக்கு, வெட்கம் அவளுக்கு என்ற பங்கீடு அங்கே செல்லாது. இருவரும் ஒரே கருவியோடு களத்தில் நிற்கிறார்கள். தமிழ் வணிகப் படத்தில் நாயகனும் நாயகியும் இவ்வளவு சமமாக நின்ற இடங்கள் மிகச் சில.

படம் மாநிலந்தோறும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஓடியது. நலமான பொழுதுபோக்குத் தந்த சிறந்த வெகுசனப் படம் என்ற தேசிய விருதையும் பெற்றது.

6. திருப்பிக் கொடுத்த விமானம்

புஷ்பக விமானம் குபேரனுடையது. இராவணன் அதைப் பறித்துக்கொண்டான். போர் முடிந்து இராமன் அதில் சீதையோடு இந்தக் கடலைக் கடந்து வந்தான். அயோத்தி சேர்ந்ததும் உரியவனுக்கே அனுப்பிவிட்டான். ராமேசுவரத்தை அடுத்து வாழ்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய கதை அல்ல. படத்தின் சட்டகமும் அதுவே: பறித்த சுகம், பயணம், திருப்பிக் கொடுத்தல். பனிக்கட்டியால் செய்த கத்தியோடு திரியும் கொலைகாரன் டினு ஆனந்த், நம் நாயகனையே அந்தப் பணக்காரன் என்று எண்ணித் துரத்துகிறான். அடுத்தவன் செல்வத்தை எடுத்துக்கொண்டால் அடுத்தவன் சாவும் சேர்ந்து வரும் என்று நாயகனுக்குத் தெரிகிறது. தெருப் பிச்சைக்காரன் ஒருவன் செத்தபோது பணத்துக்காக என்ன நடந்தது என்பதையும் அவன் கண்டவன். பணக்காரனை விடுவித்துவிட்டு, தன் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறான்.

இராமகதையில் விமானத்தில் கூட வந்தவள் சீதை. அவள் என்ன உணர்ந்தாள் என்று கதை சொல்கிறவர்கள் அதிகம் கேட்பதில்லை. இந்தப் படத்தின் முடிவு அந்தக் கேள்வியைக் கேட்கிறது. உண்மை தெரிந்த பெண், ஊரைவிட்டுப் புறப்படும்போது ஒரு ரோஜாவோடு தன் முகவரி எழுதிய சீட்டையும் அவனிடம் சேர்க்கப் பார்க்கிறாள். சீட்டு காற்றில் பறந்து சாக்கடையில் விழுகிறது. பூ மட்டும் மிஞ்சுகிறது.

படம் முழுவதும் எழுத்தும் பேச்சும் இல்லாமல் இருவரும் ஒருவரையொருவர் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். முதன்முதலாக எழுத்தை நம்பியபோது அது கைக்கு வந்து சேரவில்லை. சிலர் இதை விதியின் விளையாட்டு என்று எழுதினார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அந்தச் சீட்டு அவளுடைய தீர்ப்பு. ‘நீ யாரென்று தெரிந்தே எழுதுகிறேன்’ என்பது அதன் பொருள். சீட்டு தொலைந்தாலும் தீர்ப்பு தொலையவில்லை. நாம் அதைப் பார்த்துவிட்டோம். ‘சிட்டி லைட்ஸ்’ பெண் அடையாளம் கண்டுகொண்ட கணத்தில் படம் முடிந்துவிடுகிறது. அவள் அவனை ஏற்றாளா என்று தெரியாது. இங்கே ஏற்றாள் என்று தெரியும். சேர்ந்தார்களா என்று தெரியாது. பெண்ணின் முடிவை மங்கலாக விடாத இந்தத் தெளிவுக்காக, இந்த ஓர் இடத்தில் சிங்கீதம் சாப்ளினைவிட ஒரு படி முன்னே போகிறார் என்று துணிந்து சொல்வேன்.

அமலா 1992இல் திருமணத்துக்குப் பின் நடிப்பிலிருந்து விலகினார். ஐதராபாத்தில் விலங்குகளுக்கான நீலச் சிலுவை அமைப்பைக் கட்டி வளர்த்தார். நெடுங்காலம் கழித்து 2022இல் தமிழில் ‘கணம்’ படத்தில் தாயாக வந்தார். ஊமைக்காலத்து நாயகியரின் முகங்களை நாம் காப்பாற்றவில்லை. இவருடைய முகம் நம்மிடம் இருக்கிறது. பார்ப்பதற்குப் படமும் இருக்கிறது.

ஆகவே இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்துப் பள்ளிகளில் ‘பேசும் பட’த்தைத் திரையிடுங்கள். பாம்பன், மண்டபம், தொண்டி மீனவர் குடியிருப்புகளிலும் போடுங்கள். காது கேளாத பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துங்கள். வசனம் இல்லாததால் அவர்களும் மற்றவர்களைப் போலவே கதையைப் பின்தொடரக்கூடிய அரிய தமிழ்ப் படம் இது. படம் முடிந்ததும் கமல் என்னென்ன செய்தார் என்று கேட்காதீர்கள். அதை அவர்களே சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்கு எந்த இடத்தில் என்ன புரிந்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதை எழுதி வையுங்கள்.